போக்கர்: ஏறுவதைவிட இறங்குவதே கடினம்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையவழிப் பண விளையாட்டுகளுக்கு ஒன்றிய அரசு விதித்த தடையைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தடையைப் பற்றிய கட்டுரையாளரின் கருத்தோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. ஆனால் சிறு தொகைக்குப் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடுவோருக்குக் கெடுதல் இல்லை, பெருந்தொகைக்கு ஆடுவோர்தாம் அழிகிறார்கள் என்று பொருள்பட அவர் எழுதியிருப்பது, இவர்கள் இருவரும் வெவ்வேறு மனிதர்கள் என்ற தோற்றத்தைத் தருகிறது. இன்று 100 ரூபாய் மேசையில் இருப்பவரே அடுத்த வாரம் 5,000 ரூபாய் மேசையில் இருப்பார். கெடுதல் விளைவது அந்தப் போக்குவரத்தில்தான். தொழிலால் கணக்கன், 2017 முதல் மூன்றாண்டுகள் இதை ஆடியவன் என்ற முறையில், அந்நாளில் நான் எழுதிவைத்த குறிப்பேட்டைத் துணைக்கொண்டு சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

போக்கர் டோர்னமென்ட் என்பது ஒரு நுழைவுக்கட்டணம் கட்டி உள்ளே போய், பந்தயம் கட்டத் தரப்படும் சில்லுகள் தீரும்வரை ஆடும் போட்டி. பெரும்பாலான போட்டிகளில் நூறு பேர் ஆடினால் பத்து முதல் பதினைந்து பேருக்கே பணம் கிடைக்கும்; அதிலும் பெரும்பகுதி முதல் சில இடங்களுக்குப் போய்விட, பரிசு வரிசையின் கடைசியில் இருப்பவருக்குக் கட்டிய தொகையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கிடைத்தால் உண்டு. நூறு முறை ஆடினால் பதினைந்து முறை பரிசு பெறக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குத் தொடர்ந்து பத்துப் போட்டிகளில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காமல் போவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று. இருபது போட்டிகளில் வெறுங்கையோடு திரும்புவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு. ஆயிரம் பேர் ஆடும் போட்டியில், மற்றவர்களைவிட இரு மடங்கு வாய்ப்புள்ள ஒருவர் முதலிடம் பெற 500 போட்டிகளுக்கு ஒருமுறை என்றுதான் எதிர்பார்க்க முடியும். நாளுக்கு இரண்டு ஆடினால் அதற்கே எட்டு மாதங்கள் ஆகும். ஆக, ஒரு மாதத்து வரவு செலவு ஒருவருடைய திறமையைப் பற்றி அனேகமாக எதுவும் சொல்வதில்லை. ஆனால் எந்தக் கட்டணத்தில் ஆடுவது என்ற முடிவை எல்லோரும் எடுப்பது அந்த ஒரு மாதத்துக் கணக்கை வைத்துத்தான். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

2018 இல் ஒரு ஞாயிறு இரவு, 660 பேர் ஆடிய 550 ரூபாய்ப் போட்டியில் (இதில் 500 பரிசுக்கு, 50 தளத்துக்கு) முதலிடம் பெற்றேன். வரி பிடித்தம் போக 46,200 ரூபாய் கிடைத்தது. அதுவரை 110 ரூபாய், 220 ரூபாய் என்று ஆடிக்கொண்டிருந்தவனுக்கு அந்த வாரமே 5,500 ரூபாய்ப் போட்டிகள் கண்ணில் படத் தொடங்கின. தோற்றவர் மறுபடியும் கட்டணம் கட்டி அதே போட்டிக்குள் வரலாம் என்ற ரீ-என்ட்ரி வசதி அவற்றில் இருந்தது. பதினோரு நாள்களில் ஏழு முறை கட்டினேன். 38,500 ரூபாய் போய், 7,700 எஞ்சியது. குறிப்பேட்டில் அந்த ஏழு வரிகளுக்கு எதிரே வரவுப் பத்தி காலியாகவே இருக்கிறது.

அந்த ஏழு போட்டிகளிலும் நான் மோசமாக ஆடிவிட்டேன் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஏழு முறை பரிசு கிடைக்காமல் போவது, மேலே சொன்ன கணக்குப்படி, மூன்றில் ஒரு முறை நடக்கக்கூடியதுதான். பிழை சீட்டில் இல்லை, கட்டணத்தில் இருந்தது. 2000 ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்ற கிறிஸ் பெர்குசன், 2006 இல் கட்டணமில்லாப் போட்டிகளில் தொடங்கி, சொந்தப் பணம் ஒரு காசும் போடாமல் 10,000 டாலர் வரை சேர்த்துக் காட்டினார். அப்போது அவர் கடைப்பிடித்த விதி எளிமையானது: கையிலுள்ள மொத்தத் தொகையில் 2 சதவீதத்துக்கு மேல் பல மேசைகளில் நடக்கும் எந்த டோர்னமென்டிலும் (மிகச் சிறு கட்டணப் போட்டிகள் தவிர) கட்டுவதில்லை, கை சுருங்கினால் கட்டணமும் சுருங்க வேண்டும். அவ்விதிப்படி எனக்கு அன்று 924 ரூபாய் வரைதான் உரிமை இருந்தது. 5,500 ரூபாய் கட்டுவதற்கு 2,75,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும். (இவ்வளவு கட்டுப்பாடு காட்டிய அதே பெர்குசன் இயக்குநர்களில் ஒருவராக இருந்த தளம், ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டிய பணத்தைக் கையில் வைத்திருக்கவில்லை என்று 2011 இல் அமெரிக்க நீதித் துறை குற்றம்சாட்டியது வேறு கதை.)

கட்டணம் உயரும்போது எதிரில் இருப்பவர்களும் மாறுகிறார்கள். 100 ரூபாய் மேசையில் பாதிப் பேர் எந்தச் சீட்டு வந்தாலும் விட மனமில்லாமல் கடைசிவரை வருவார்கள். அங்கே பிளஃப் செய்வது, அதாவது நல்ல சீட்டு இருப்பதுபோல் பாசாங்கு செய்து பந்தயம் கட்டுவது வீண், நல்ல சீட்டுக்குக் காத்திருந்து பெரிதாகக் கட்டுவதே வழி. அப்படியே பழகியவர் மேல் மேசைக்குப் போனால், அவர் கட்டுகிறார் என்றாலே நல்ல சீட்டு என்பதை எதிரிலிருப்பவர்கள் அரை மணி நேரத்தில் படித்துவிடுவார்கள். இதைவிடப் பெரிய இடைஞ்சல் பயம். வீட்டு வாடகையில் பாதியைக் கட்டணமாகக் கட்டியவர், பரிசு வரிசைக்கு இன்னும் ஐந்து பேர் வெளியேற வேண்டும் என்ற கட்டத்தில், எப்படியாவது தாக்குப்பிடித்துவிட வேண்டும் என்று ஓரளவு நல்ல சீட்டுகளையும் ஆடாமல் கைவிட்டுவிடுகிறார். அந்தத் தொகை பொருட்டாக இல்லாதவர்கள் அதை மோப்பம் பிடித்து, மீண்டும் மீண்டும் ஆல்-இன் (கையிலுள்ள எல்லாச் சில்லுகளும் பந்தயம்) அறிவித்து அவருடைய சில்லுகளைக் கரைக்கிறார்கள்.

ஏறுவதைப் பற்றி எச்சரிக்க ஆள் உண்டு. இறங்குவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 7,700 ரூபாயோடு நான் திரும்பவும் 110 ரூபாய்ப் போட்டிக்கு வந்திருக்க வேண்டும், வந்தும் பார்த்தேன். நூறு ரூபாய் அப்போது பணமாகவே தெரியவில்லை. முன்பு நன்றாக யோசித்துக் கட்டிய இடங்களில் ஒரு நொடியில் ஆல்-இன் அழுத்திவிட்டு, தோற்றால் அடுத்த போட்டியைத் திறந்தேன். அப்போட்டிகளில் முன்பு எனக்கு ஆதாயம் இருந்தது என்று குறிப்பேடு சொல்கிறது. நூற்றுக்கு இருபது ரூபாய் ஆதாயம் என்று வைத்துக்கொண்டால், இழந்த 38,500 ரூபாயை 100 ரூபாய்ப் போட்டிகளில் மீட்க 1,925 போட்டிகள் ஆட வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த எவரும் கீழ் மேசையில் பொறுமையாக உட்கார மாட்டார். மேல் மேசையில் இழந்ததை மேல் மேசையிலேயே பிடித்துவிடலாம் என்றுதான் மனம் சொல்லும். எஞ்சிய 7,700 இல் 5,500 அப்படித்தான் போனது.

இந்த ஏற்றத்துக்குத் தளங்களே படி போட்டுத் தந்தன. 1,100 ரூபாய் கட்டி ஆடினால் 11,000 ரூபாய்ப் போட்டிக்கு ஓர் இடம் கிடைக்கும் என்ற சேட்டிலைட் போட்டிகள் அவற்றில் முக்கியமானவை. அந்த இடத்தைப் பெரும்பாலும் பணமாக மாற்ற முடியாது என்பதால், வென்றவர் தம் தகுதிக்குப் பத்து மடங்கு மேலான மேசையில் இலவசமாக வந்தோம் என்ற நினைப்போடு அமர்கிறார். இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் கிறிஸ் மணிமேக்கர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த அவர் (அவரும் கணக்கர்தான்!), 86 டாலர் இணையச் சேட்டிலைட் வழியாக 10,000 டாலர் கட்டணமுள்ள உலகத் தொடருக்குப் போய், 2003 இல் 839 பேரை வைத்து நடந்த அப்போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். நடந்தது உண்மைதான். மற்ற 838 பேரின் கதையைத்தான் எந்த விளம்பரமும் சொன்னதில்லை.

நம் நாட்டில் இதுவரை நடந்த விவாதம் முழுவதும் போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியைச் சுற்றியே இருந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று கூறி, இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிரான 2022 ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தில், தடை செய்யப்பட்ட ஆட்டங்களின் அட்டவணையில் அவற்றைச் சேர்த்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் வந்த ஒன்றியச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாப் பண விளையாட்டுகளையும் தடுத்தது. அதை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. என் அனுபவத்தில், ஒரே ஆட்டம், ஒரே ஆள், 550 ரூபாயில் திறமையாகவும் 5,500 ரூபாயில் சூதாகவும் இருந்தது. அட்டவணையில் ஆட்டத்தின் பெயரை எழுதி இதைப் பிரிக்க முடியாது.

ஒன்றியத் தடைக்கு முன், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிமுறைகள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்நுழைவதைத் தடுத்தன. செலவுக்கு ஆட்டக்காரர் தாமே வரம்பு வைத்துக்கொள்ளவும் வழி செய்தன. நேரக் கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் நான் 5,500 ரூபாய் கட்டியவை எல்லாம் மாலை ஏழு மணிக்குத் தொடங்கியவை. பிரிட்டனில் ஒருவர் இணையச் சூதாட்டத் தளத்தில் தம் வைப்புத்தொகை வரம்பைக் குறைத்தால் உடனே நடைமுறைக்கு வருகிறது. உயர்த்தினால் 24 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். வழக்கின் முடிவு எப்படியாயினும், மீண்டும் ஒரு நாள் இவ்வாட்டங்கள் அனுமதிக்கப்படுமானால், இதே முறையை நுழைவுக்கட்டணத்துக்கும் வைக்க வேண்டும்: ஒருவர் வழக்கமாக ஆடும் கட்டணத்தைவிட உயர்ந்த போட்டியில் சேர ஒரு வாரம் காத்திருக்க வேண்டும், சேட்டிலைட்டில் வென்ற இடத்தை விரும்பினால் பணமாகப் பெறும் உரிமை இருக்க வேண்டும், ரீ-என்ட்ரி ஒரு போட்டிக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. ஒரு வாரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வென்ற அந்த ஞாயிறுக்கும் முதல் 5,500 ரூபாய்க் கட்டணத்துக்கும் இடையே என் குறிப்பேட்டில் இருப்பது இரண்டு நாள்.

என் வீட்டார் அந்தக் குறிப்பேட்டை இன்னும் பார்த்ததில்லை என்பதால், இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கோயம்புத்தூர்.