மோத்தா என்று எழுதியிருந்தாய்

இயேசு மரி சூசை துணை

ராயபுரம், சென்னை-13

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தையும் மாப்பிள்ளை சுகத்தையும் அறிய ஆவல்.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குச் செருப்பு அளவு சரியாக இருக்கிறது. போட்டு நடந்தால் குதிகால் வலி இல்லை என்கிறாள். ஆனால் கோவிலுக்கு மட்டும்தான் போடுவேன் என்று திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நீ போனில் ஒரு அதட்டு போட்டால்தான் கேட்பாள்.

பார்சலைப் பிரித்தவன் நான். மேலே ஒட்டிய சீட்டில் அனுப்புநர் இடத்தில் உன் கையெழுத்து. சின்ன வயசிலிருந்தே டி எழுத்துக்கு மேல்கோட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுப்பாய், அதே மாதிரி. பேருக்குப் பின்னால் மோத்தா என்று நம்ம வீட்டுப் பேர் இருந்தது. கலியாணத்துக்கு அப்புறம் நீ பர்னாந்து என்றுதானே எழுதிவந்தாய். கிறிஸ்துமஸ் கார்டில்கூட அப்படித்தான் இருந்தது. அந்தச் சீட்டைக் கத்தரித்து என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். அம்மா இன்னும் பார்க்கவில்லை.

இதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பேரைப் பார்த்ததும் பேரைப் பற்றியே உனக்கு எழுதலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ அடிக்கடி கேட்பாய், நாம தமிழ்தானே, நமக்கு எதுக்குப்பா இந்தப் பேர் என்று. உன் வகுப்பில் எல்லாருக்கும் இனிஷியல். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பேரிலிருந்து எடுக்கவேண்டும் என்று தீர்மானம் போட்ட பிறகு, நம்ம ஊரில் பேருக்குப் பின்னால் வால் வைப்பது மெல்ல மெல்லக் குறைந்துபோனது. அந்த அட்டெண்டன்ஸில் நீ ஒருத்திதான் மோத்தா. நீங்க கோவாவா, ஆங்கிலோ இந்தியனா என்று டீச்சரே கேட்டதாக வந்து சொல்வாய். அப்போது ரெண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு ஹார்பர் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவேன். இப்போ நேரம் இருக்கிறது, முழுசாகச் சொல்கிறேன்.

1535-ஆம் வருஷம். முத்துக்குளிக்கும் துறை யார் கையில் என்ற சண்டை முற்றிப்போய், தூத்துக்குடிக் கரையிலிருந்த நம்ம பரதவர் பெரியவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். அந்த யோசனையைச் சொன்னவர் ஜான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி. அவரும் வெள்ளைக்காரர் இல்லை. மலையாளக் கரையிலிருந்து லிஸ்பனுக்குப் போய் அங்கே வேதத்தில் சேர்ந்தவர். பாதுகாப்பு கொடுத்தார்கள், கூடவே ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். ரெண்டு வருஷத்துக்குள் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும் ஊர் ஊராகச் சேர்ந்துவிட்டார்கள். பிரான்சிஸ் சவேரியார்தான் நம்மைச் சேர்த்தார் என்று ஆச்சி சொல்வாள். அவர் வந்தது 1542-இல். வந்து பார்த்தபோது ஜனங்களுக்கு நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. கடற்கரையில் மணி அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுத்தவர் அவர். பேர் அதற்கு முன்னாடியே வந்துவிட்டது.

எப்படி வந்தது என்றால், ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பன் வேண்டும் இல்லையா. கப்பலில் வந்த சிப்பாய், மாலுமி, வியாபாரி என்று பக்கத்தில் நின்றவனுடைய பேர் பிள்ளைக்கும் அந்த வீட்டுக்கும் ஆனது. அப்படித்தான் தூத்துக்குடியில் மோத்தா, மச்சாது, கர்வாலோ, மிராந்தா, கோமஸ், வாஸ், ரொட்ரிகோ எல்லாம். சில வீட்டில் மட்டும் பழைய பட்டத்தை விடவில்லை, வில்லவராயர், பூபாலராயர் என்று இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆக, பேர் வந்ததற்கு ரத்தம் காரணமில்லை பாப்பா. ஒருத்தன் ஒருநாள் பக்கத்தில் நின்றான். அவன் கப்பலேறிப் போய்விட்டான், பேர் நம்மோடு நின்றுவிட்டது. இப்போது ஐந்நூறு வருஷத்தை நெருங்குகிறது. அதை நம்ம பேர் ஆக்கியது சுமந்தவர்கள்தான்.

சீக்கிரமே அந்தப் பேர்கள் அச்சிலும் ஏறின. 1554-இல் லிஸ்பனில் தமிழ் ஜெபங்களை ரோமன் எழுத்தில் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்தார்கள். அதைத் தயார் செய்த இந்தியர்கள் மூன்று பேர்: விசெந்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ். பேரைப் பார்த்தால் போர்த்துக்கீசியர் என்றுதான் நினைப்பாய். வாயில் இருந்தது தமிழ். தமிழ் எழுத்திலேயே முதல் புத்தகம் 1578-இல் கொல்லத்தில் வந்தது, தம்பிரான் வணக்கம். அதைச் செய்த அன்றிக்கே என்ற போர்த்துக்கீசியச் சாமியார் நம்ம கரையிலேயே வாழ்ந்து, தூத்துக்குடியிலேயே அடக்கமானவர். இதையெல்லாம் உன் டீச்சரிடம் நான் நேரில் வந்து சொல்லியிருந்தால் எவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருப்பாய்.

போன வருஷம் தூத்துக்குடி போனபோது உன் கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானப் பதிவைப் பார்த்தேன். நீளமான புத்தகம், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். பிள்ளை பேர், தகப்பன், தாய், அதற்குப் பக்கத்தில் ஞானத்தாய் தகப்பனுக்கு ஒரு கட்டம். மை பழுப்பாகி இருந்தாலும் பேர் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பக்கத்தில் டி ஒன்று, அடுத்த பக்கத்தில் டி ரெண்டு, இன்னும் தள்ளிப் போனால் டியும் எச்சும். ஒரே வீடுதான், எழுதிய சாமியார் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். போர்த்துகலில் இன்றைக்கு ஒரு டி போட்டுத்தான் எழுதுகிறார்கள். மேட்டின்மேல் கட்டிய கோட்டைக்கு அந்தப் பேர், அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு ஆனது. நாம் த என்ற எழுத்தை இங்கிலீஷில் எழுதினால் எச் சேர்ப்போம், ஆகவே அந்த எச் நம்மூர் எச். பார்சல் சீட்டில் நீயும் மறக்காமல் போட்டிருந்தாய்.

உன் தம்பி ஒருநாள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். உலக வரைபடத்தில் நம்ம பேர் எங்கெங்கே இருக்கிறது என்று வருகிறதாம். எச் இல்லாமல் போட்டால் போர்த்துகல், பிரேசில், மெக்சிகோ என்று எங்கு பார்த்தாலும் ஆள். எச் போட்டால் தென்னாப்பிரிக்கா பளிச்சென்று வருகிறது. நம்ம ஆட்கள் அவ்வளவு பேர் எப்போது போனார்கள் என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். அவர்கள் வேறு. அங்கேயுள்ள சுவாசி, சூலு இனத்தாரின் குலப்பேர் அது. நமக்கும் அவர்களுக்கும் எழுத்து மட்டும்தான் ஒன்று. அவர்களைக் கழித்துவிட்டால் நாம் ஒரு கைப்பிடிதான். தூத்துக்குடியில் சில தெருக்கள், தெற்கே கடலோர ஊர்கள், மன்னார், கொழும்பு, இங்கே சென்னையில் கொஞ்சம், அப்புறம் உன்னை மாதிரிப் படித்துவிட்டுப் போனவர்கள். நம்ம நாட்டு மக்கள்தொகைக் கணக்கில் குடும்பப் பேரைத் தனியாக எண்ணிப் போடுவதில்லை. இலங்கையில் நம்ம பரதவரைப் பரதர் என்று தனி வரி வைத்து எண்ணுகிறார்கள். 2012 கணக்கெடுப்பில் அது இரண்டாயிரத்தைத் தொடவில்லை. தோணியில் போய்க் குடியேறியவர்கள் எவ்வளவோ பேர், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்து, சிங்களவர் என்றே எழுதிக்கொண்டார்கள். நம்ம கொழும்புச் சின்னையா வீட்டிலேயே உனக்குத் தெரியுமே.

பர்னாந்து அப்படியில்லை. இலங்கையில் தெருவுக்குத் தெரு பர்னாந்து. நல்ல பேர், நான் குறை சொல்லவில்லை. தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து குடிதண்ணீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்தும் அந்தப் பேர்தான். நீ அந்தப் பேரை எழுத ஆரம்பித்தபோது நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நீ எதை எழுதினாலும் எனக்குச் சரிதான். ஒரு பேரை எடுத்ததற்கும் விட்டதற்கும் நம்ம வீட்டில் யாருக்கும் கணக்கு சொல்லவேண்டியதில்லை. தெரு என்ன சொல்லும் என்று அம்மா நினைக்கலாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ராத்திரி வேலை முடிந்து தனியாகக் கார் ஓட்டாதே. மெல்போர்னில் இப்போது குளிர்காலம், சீக்கிரம் இருட்டிவிடும் என்று தம்பி சொன்னான். ரெண்டு வேளையாவது சோறு சாப்பிடு. ரொட்டியைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே.

இங்கே விசேஷம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. கீழ்வீட்டுக்காரர் காலி செய்துவிட்டார். தம்பிக்கு வேலை நிரந்தரம் ஆகிவிடும்போல் இருக்கிறது. காசிமேட்டில் வஞ்சிரம் விலை கேட்டால் மயக்கம் வருகிறது, அம்மா நெத்திலியோடு நிறுத்திக்கொள்கிறாள். நீ ஈஸ்டருக்கு அப்புறம் வீடியோவில் வரவேயில்லை. வாட்ஸ்அப்பில் நான் நாலு வரி எழுதினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. அந்த ஊரில் பாலம் கட்டும் கம்பெனியில் இத்தனை பேருக்கு மேலே நிற்கிற பெண், அப்பனுக்கு ஒரு வரி எழுத நேரம் இல்லையா? நேரமில்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால் எனக்குச் சந்தோஷமே. முகம் காட்ட முடியாதபடி வேறு ஏதாவது இருந்தால், முகத்தைக் காட்டாமலே பேசு. போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் போதும்.

சாந்தோமில் ஒரு கல் கிடைத்த கதை சொல்லியிருக்கிறேனா? லாசர் கோவிலைப் புதிதாகக் கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது 1927-இல் வந்தது. மனுவேல் மாத்ரா என்பவருக்கும் அவர் தாயாருக்கும் உரிய கல்லறைக் கல். அவர்கள் செலவில் 1637-இல் அங்கே பழைய கோவிலைக் கட்டினார்கள் என்று அதில் இருந்தது. மெட்ராஸ் என்ற பேரே அந்தக் குடும்பப் பேரிலிருந்துதான் வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பிடித்தது, கல்லில் மகனோடு சேர்த்துத் தாயையும் போட்டிருக்கிறார்கள் என்பதுதான். அவளுடைய தாய்வீட்டுப் பேரையும் விடவில்லை, லூசி பிராகே என்று வெட்டியிருக்கிறார்கள். மருமகளாகப் போய் ஒரு கோவிலே கட்டிய வீட்டில், அவள் பிறந்த வீட்டுப் பேர் அவளோடு கடைசிவரை இருந்திருக்கிறது.

தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கு இந்த வருஷமும் போகிறோம். ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருநாள். உனக்கு லீவு கிடைத்தால் வா. ஒருத்தியாக வந்தாலும் வா. முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் முன்கூட்டியே போடவேண்டும், ஆகவே சீக்கிரம் சொல்லு. வருகிறாயோ இல்லையோ, உன் கட்டில்மேல் அம்மா துணி மடித்து அடுக்கிவைத்திருந்ததை எடுக்கச் சொல்லிவிட்டேன். மெத்தையை மொட்டைமாடியில் காயவைத்தோம். ராத்திரி தனியாகக் கார் ஓட்டாதே என்று சொன்னேன் இல்லையா, மறுபடியும் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். உன் ஞானஸ்நான சர்டிபிகேட், பிளஸ் டூ மார்க் ஷீட், டிகிரி எல்லாவற்றிலும் மோத்தாதான். பாஸ்போர்ட்டில் மட்டும்தான் மாற்றினாய். அங்கே ஏதாவது ஆபீசில் பழைய பேருக்கு ஆதாரம் கேட்டால் அலையாதே. எல்லாவற்றையும் நாலு செட் ஜெராக்ஸ் எடுத்துக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். அட்டெஸ்ட் செய்து அனுப்பவேண்டுமா, ஒரிஜினலே வேண்டுமா என்று மட்டும் எழுது. ஒரிஜினல் என்றால் தபாலில் போடமாட்டேன். அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் கையில் கொடுப்பேன், இல்லாவிட்டால் நானே எடுத்துக்கொண்டு வருவேன். எனக்கு பாஸ்போர்ட் இன்னும் செல்லும்.

அன்புடன்
அப்பா