பீரங்கி சரி, குண்டுதான் தப்பு

அன்பு மகள் கயலுக்கு,

லீட்ஸ் ஆயுத அருங்காட்சியகத்திலிருந்து நீ அனுப்பிய யானைக் கவசப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 118 கிலோ எடை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புத் தகடுகள்! சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி 1801இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது என்று நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். "நம் பெட்டியில் முப்பது கிலோவுக்கு மேல் ஒரு முறுக்கைக்கூட ஏற்றவிட மாட்டார்கள்" என்றாள் உன் அம்மா. என் கண் போனது தகடுகளைக் கோத்திருக்கும் வளையங்கள் மீது. ஒவ்வொரு வளையத்தின் முனையையும் ரிவெட் அடித்து மூடியிருக்கிறார்களா, வெறுமனே வளைத்து நெருக்கிவிட்டார்களா? படத்தில் தெரியவில்லை. அடுத்த முறை போனால் பக்கத்தில் நின்று பார்த்து எழுது. ஆயுள் முழுக்கக் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவனுக்கு இதெல்லாம் தெரியாமல் தூக்கம் வராது.

நீ யானையைப் பார்த்தால் நான் பீரங்கியையாவது பார்க்க வேண்டாமா? போன சனிக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு இங்கே சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் உள்ள சிலோசோ கோட்டைக்குப் போனேன். முழங்கால் வலி என்று முதலில் முரண்டு பிடித்தாள். பதினொரு மாடி உயரத்துக்கு மின்தூக்கி இருக்கிறது, அங்கிருந்து மரங்களின் தலைக்கு மேலே 181 மீட்டர் நடைபாலம், அதற்குக் கட்டணமும் இல்லை என்று சொன்ன பிறகுதான் புடவை மாற்றினாள். கீழே கடற்கரையில் கால் வைக்க இடமில்லை, கோட்டையிலோ ஆளே இல்லை. ஜப்பானியரிடம் சிங்கப்பூர் வீழ்ந்து 80 ஆண்டு நிறைந்த 2022 பிப்ரவரி 15ஆம் நாள் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். அப்படியும் நம் மக்கள் நீச்சல் உடையோடு இந்தப் பக்கம் திரும்பாமலே போகிறார்கள்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற இங்கே வந்து குவிந்தன. கெப்பல் துறைமுகத்தின் மேற்கு வாயிலைக் காக்கத்தான் இந்தக் குன்றின் தலையைச் சீவிப் பீரங்கி வைத்தார்கள். அப்போது தீவின் பெயர் பிளாக்காங் மாத்தி. வாய் வழியாக மருந்தும் குண்டும் திணிக்கும் பழைய பீரங்கிகளிலிருந்து போர்க்காலத்து ஆறு அங்குலப் பீரங்கி வரை வரிசையாக நிற்கின்றன. ஆறு அங்குலக் குண்டு ஒன்று சுமார் 45 கிலோ. அதைக் கையால் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தவர்களின் இடுப்பை நினைத்துப் பார்.

பீரங்கியை விட எனக்குப் பிடித்தது கீழே உள்ள வெடிமருந்துக் கிடங்கு. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கோட்டைகளில் மருந்து அறைக்குள் விளக்கைக் கொண்டுபோக மாட்டார்கள். விளக்குக்குச் சுவரில் தனி மாடம், நடுவில் தடித்த கண்ணாடி. வெளிச்சம் மட்டும் உள்ளே வரும், சுடர் வராது. உள்ளே போகிறவன் ஆணி அடித்த பூட்ஸைக் கழற்றிவிட்டு வேறு காலணி மாட்டிக்கொள்ள வேண்டும். பட்டறையில் எண்ணெய்த் தொட்டிக்குள் வாயு இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்தாகாமல் வெல்டிங் தீயைப் பற்றவைக்க விடமாட்டார்களே, அதே ஒழுங்குதான். 1978இல் இங்கே பட்டறையில் நின்ற ஸ்பைரோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் மாண்டதைக் கண்ட தலைமுறை நாங்கள். அந்தக் கண்ணாடியைக் கட்டியவனுக்கு மனத்துக்குள் ஒரு வணக்கம் போட்டேன்.

இனி நீ பள்ளியில் படித்த கதைக்கு வருகிறேன். "வெள்ளைக்காரன் பீரங்கியையெல்லாம் கடலைப் பார்த்து நிறுத்திவிட்டான், ஜப்பான்காரன் பின்வாசல் வழியாக வந்துவிட்டான்" என்று கோப்பிக்கடையில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது சரியில்லை. வடக்கே மலாயா வழியாக வந்த ஜப்பானியரை நோக்கிச் சிலோசோ பீரங்கிகள் சிங்கப்பூர்த் தரைப் பக்கம் திரும்பிச் சுட்டிருக்கின்றன. சாங்கியில் இருந்த மூன்று பதினைந்து அங்குலப் பீரங்கிகளில் இரண்டு முழு வட்டமும் சுழலக்கூடியவை, அவையும் சுட்டன. கோளாறு கிடங்கில் இருந்தது. கடல்வழி வரும் போர்க்கப்பலை எதிர்பார்த்துக் கவசம் துளைக்கும் குண்டுகளாகவே வாங்கி அடுக்கியிருந்தார்கள். எஃகுத் தகட்டைக் கிழித்து உள்ளே போய் வெடிப்பதற்காகச் செய்த, எண்ணூறு கிலோவுக்கு மேற்பட்ட குண்டு அது. ரப்பர் தோட்டத்தில் சிதறி ஓடும் காலாட்படை மீது அதைச் சுட்டால் மண்ணுக்குள் ஆழப் புதைந்துவிடும். அங்கே தேவைப்பட்டது விழுந்த இடத்தில் வெடித்துச் சிதறும் குண்டு. வான்படையும் போதாமல் போனது பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பீரங்கி என்று பேச்சு வந்தால் பழியை ஸ்டோர் மீது போடு. எந்திரம் பளபளவென்று நிற்கும், பொருந்துகிற கேஸ்கெட் ஒன்று கையிருப்பில் இருக்காது, வேலை நின்றுவிடும். இதை நான் பார்க்காத கப்பல் இல்லை.

சரணடைந்த காட்சியை மெழுகுப் பொம்மைகளாக வைத்திருக்கிறார்கள். சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் மேசைமுன் உட்கார்ந்திருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் பொம்மை பொம்மைதான். அம்மா அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிட்டாள். அவள் நின்றது சிப்பாய்களின் சலவை, தையல், சமையல் காட்சிகளில். "இத்தனை சட்டையையும் துவைத்தவனுக்குப் பதக்கம் கொடுத்தார்களா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

இதே தீவின் கரையில்தான், சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர் நடத்திய சூக் சிங் படுகொலையில் சுடப்பட்ட சீனர்களின் உடல்கள் ஒதுங்கின. சுமார் 300 உடல்களை, சிறைக்குப் போகக் காத்திருந்த பிரிட்டிஷ் பீரங்கிப் படையினரே புதைத்தார்கள். அதற்கு மேல் அன்று அம்மாவும் நானும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. தேக்காவில் இறங்கித் தோசை சாப்பிட்டுவிட்டு வீடு வந்தோம்.

டிசம்பரில் நீ வரும்போது சாங்கிக்குப் போகலாம். பின்வாங்கும்போது பிரிட்டிஷாரே அந்தப் பீரங்கிகளை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அடியில் இருந்த சுரங்கம் 1991இல்தான் மறுபடி கண்ணில் பட்டது. இப்போது பீரங்கியின் மாதிரி ஒன்று நிற்கிறது. குடை எடுத்து வா, அங்கே நிழல் குறைவு. மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் அன்பு. வளையத்தை மறக்காமல் பார்த்து எழுது, முடிந்தால் கிட்டத்தில் ஒரு படமும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா