கிணற்றடியில் என்ன மரம்?

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய அவா. அக்காவின் மகளுக்கு மடிக்கணினி அனுப்பப்போகிறேன் என்ற உன் குரல் பதிவு வந்து மூன்று கிழமையாகிவிட்டது. வட்ஸ்அப்பிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். இங்கே நல்ல மழை. காலபோக விதைப்பும் முடிந்துவிட்டது, என் கணினி, அச்சுக் கடைப்பக்கம் ஆட்கள் வருவது குறைவு.

முதலில் உன் அக்காவின் சங்கதி. போன மாதம் புது இலக்கம் ஒன்றிலிருந்து அவருக்குச் செய்தி வந்தது. உன் படம், உன் பெயர். போன் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது, இனி இதுதான் நம்பர் என்று. அடுத்த நாள், தெரிந்த ஒருவருக்கு அவசரம், 80,000 ரூபாய் இந்தக் கணக்குக்குப் போட்டுவிடு, திங்கட்கிழமை உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் மூலம்) அனுப்புகிறேன் என்று. அக்கா முள்ளியவளையிலிருந்து பஸ் ஏறுவதற்காக வெளிக்கிட்டும் விட்டார். படலையைச் சாத்தும்போதுதான் ஏதோ நெருடியிருக்கிறது. நீ ஒருநாளும் அவரிடம் காசு கேட்டதில்லையே. நின்ற இடத்திலேயே ஒரு கேள்வி எழுதிவிட்டார்: "எங்கட வீட்டுக் கிணற்றடியில் என்ன மரம் நின்றது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "என்னக்கா இந்த நேரத்தில்" என்று ஒரு வரி. பிறகு "தென்னை". கெட்டிக்காரன்தான், பத்து வீட்டில் எட்டு வீட்டுக்குச் சரியாக வந்திருக்கும். உங்கள் வீட்டில் நின்றது தேசிமரம், அதுதான் எலுமிச்சை, பந்து எடுக்கப்போய் நீ முள்ளுக் குத்திக்கொண்டு நின்ற மரம். அக்கா "தேசிக்காய் வேணுமோ" என்று கேட்டாராம். அதோடு படமும் போய்விட்டது, ஆளும் போய்விட்டான்.

உன் படத்தை எடுக்க அவன் எதையும் உடைக்கவில்லை. உன் பேஸ்புக் திறந்து கிடக்கிறது. அக்காவின் பிறந்தநாளுக்கு நீ போட்ட வாழ்த்தில் உறவுமுறையும் இருக்கிறது. வட்ஸ்அப் படத்தைத் தொடர்பில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்று. அப்புறம் அமைப்புகளுக்குள் போய் இரு படி சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்க ரகசிய எண் ஒன்று வைத்துவிடு. இன்னொரு வகைக் களவு இருக்கிறது: தெரிந்தவரின் இலக்கத்திலிருந்தே "தவறுதலாக உனக்கு ஒரு கோட் வந்துவிட்டது, அனுப்பிவிடு" என்பார்கள். அனுப்பினால் உன் கணக்கே அவர்கள் கையில். அந்த ரகசிய எண் இருந்தால் கோட் கிடைத்தாலும் உள்ளே வருவது கஷ்டம்.

தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் பொய்க் குறுஞ்செய்தி உனக்கும் தெரிந்திருக்கும். பொதி வந்திருக்கிறது, முகவரி பிழை, சின்னக் கட்டணம் கட்டு என்று கேட்டு அட்டை இலக்கத்தைப் பிடுங்குவார்கள். அரச தளத்தின் பெயர் டொட் கவ் டொட் எல்கே (.gov.lk) என்று முடிய வேண்டும், முன்னால் யாரும் எந்தப் பெயரையும் ஒட்டலாம் என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். வாசிப்பவர்கள் குறைவு.

அக்காவின் கெட்டித்தனத்தைச் சொன்னேன், என் மடைத்தனத்தையும் சொல்லத்தான் வேண்டும். வற்றாப்பளைப் பொங்கல் கிழமை. நோட்டீஸ் வேலை குவிந்து கிடந்தது. படம் வெட்டி ஒட்டும் மென்பொருள் ஒன்று வேண்டும், காசு கொடுத்து வாங்க மனமில்லை, பூட்டுடைத்த பிரதி ஒன்றை இறக்கினேன். நிறுவும்போது வைரஸ் காவலை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினேன்! களவெடுத்த பொருளை வைக்கக் காவல்காரனை நானே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஆகிறது என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் வந்தது. நல்லதுதானே என்று பிளேன்ரீ குடிக்கப் போனேன். அது பொய்ப் பெட்டி. அதைக் காட்டிக்கொண்டு பின்னால் ஒவ்வொரு கோப்பாகப் பூட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து பார்த்தால் எல்லாக் கோப்பின் பெயருக்கும் வாலாக விளங்காத நாலு எழுத்து. ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு ஓலை: பூட்டைத் திறக்கும் திறப்பு (சாவி) வேண்டுமானால் 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் என்றால் பாதி, 490. ஆடிக் கழிவு கொடுக்கிற கள்ளனை நான் அன்றுதான் கண்டேன்.

நான் கட்டவில்லை. கட்டினாலும் திறப்பு வரும் என்று யார் பொறுப்பு? இப்படிப் பூட்டப்பட்டவற்றில் சிலதுக்கு இலவசத் திறப்பு உண்டு. நெதர்லாந்துப் பொலிசும் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோலும் இன்னும் சிலரும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தில் தேடலாம். எனக்குப் பொருந்தும் திறப்பு அதில் இல்லை. ஒரு நல்ல காரியம், அந்த இனம் அவசரக்காரன், கோப்பின் தொடக்கத்தை மட்டும்தான் பூட்டும். அதனால் கலியாண வீடியோக்களில் முக்கால்வாசியை ஒருவர் செப்பனிட்டுத் தந்தார். படங்கள் சின்னக் கோப்புகள், அப்படியே போய்விட்டன. ஒரு அம்மா, மகனின் பழைய படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தார். நல்லவேளை மூலப்படம் கடிதாசியில் இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பேனோ.

பிரதி வைத்திருக்கவில்லையா என்று கேட்பாய். வைத்திருந்தேன், வெளி ஹார்ட் டிஸ்க்கில். அது அன்றைக்கும் கணினியோடு கொழுவியே இருந்தது. அதையும் பூட்டிவிட்டது. இதில் நான் தனி ஆள் இல்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல்கள் இருந்த முகிலுக்கே (கிளவுட்) இதே கதி. மென்பொருள் காலாவதியானது, இணைப்பில் இருந்த பிரதியும் சேர்ந்து போனது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இல்லாமல் போயின.

அன்று இரவு நித்திரை வரவில்லை. அம்மாவின் சொப்பிங் பைதான் நினைவில் நின்றது. கடைசி யுத்தத்தில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டது முதல் தர்மபுரம், விசுவமடு, தேவிபுரம் என்று போன இடமெல்லாம் அதை இடுப்பில் செருகியபடியே திரிந்தார். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், காணிப் பெர்மிட், எல்லாம் இரண்டு மடிப்புப் பொலித்தீனுக்குள். அதைவிடப் பெரிய விசயம், சமாதான காலத்திலேயே எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து வவுனியாப் பெரியம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தார். பை பிறகு வாய்க்கால் ஒன்றில் நனைந்து காகிதம் கூழாகியபோது, பெரியம்மாவின் பிரதிதான் எங்களுக்குக் கைகொடுத்தது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்று கணினிக்காரர் சொல்லும் கணக்கு. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆனால் அந்தக் கணக்கு அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. இப்போது என்னிடம் இரண்டு ஹார்ட் டிஸ்க். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒன்றைக் கொழுவிப் பிரதி எடுத்துக் கழற்றி அம்மாவின் அலுமாரிக்குள் வைப்பேன். மற்றது தம்பி வீட்டில், மாதம் ஒருமுறை மாறும்.

பென் டிரைவ் தொல்லை இன்னும் ஓயவில்லை. ஏ எல் (உயர்தரம்) படிக்கிற பெடியன் ஒருவன் செயற்றிட்ட அறிக்கை அச்செடுக்க வந்தான். உள்ளே கோப்புறைகள் எல்லாம் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்ன வளைந்த அம்பு. அவை கோப்புறைகள் இல்லை, குறுக்குவழிகள். உண்மையானவற்றை வைரஸ் மறைத்துவிட்டுத் தன்னை அதே பெயரில் நிறுத்தியிருக்கிறது. தொட்டால் கோப்பும் திறக்கும், வைரசும் ஓடும், ஆளுக்கு ஒன்றும் விளங்காது. அழிந்துவிட்டது என்று பெடியன் அழாத குறை. மறைப்பை எடுக்க ஒரு வரிக் கட்டளை போதும், எடுத்துக் கொடுத்தேன். ஆனால் யோசித்துப் பார், பத்துப் பள்ளிக்கூடத்துப் பென் டிரைவும் வந்து போகிற இடம் என் கடை. ஊருக்கெல்லாம் காய்ச்சல் பரப்புகிற கிணறு நான்தானோ என்று பயம் வந்துவிட்டது. இப்போது பென் டிரைவ் கொழுவுவதற்கென்றே ஒரு பழைய கணினியில் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். விண்டோசுக்கு எழுதிய அந்தக் குறுக்குவழி அதில் ஓடாது.

சரி, மருமகளுக்கு நீ அனுப்பப்போகிற மடிக்கணினி. விண்டோஸ் 10 என்றாய். அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்றால் முறைப்படி 11 ஏறாது. யாரும் ஏற்றித்தருகிறேன் என்றால் விடாதே, எனக்கு அனுப்பு, லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வினாத்தாள்களும் அந்த எழுத்துருவை நிறுவினால் திறக்கும். அனுப்ப முதல் உன் கணக்குகளிலிருந்து வெளியேறி, வட்டை முழுக்கத் துடைத்துவிடு. பிள்ளைக்கு நிர்வாகி உரிமையில்லாத கணக்கு ஒன்றுதான் திறப்பேன், மாமன் கோபிக்கக்கூடாது.

கடவுச்சொற்களை அவள் தடித்த மட்டைச் சீஆர் கொப்பியில் எழுதி வைக்கட்டும். எழுதவே கூடாது என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ரஷ்யாவிலிருக்கிற கள்ளன் முள்ளியவளை அலுமாரியைத் திறக்கமாட்டான். ஒரே சொல்லை எல்லாத்துக்கும் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பெட்டியில் இடமிருந்தால் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வை, காசை அக்காவிடம் கொடுத்துவிடுகிறேன். அப்புறம், தேசிமரத்தை ஊருக்கே சொல்லிவிட்டார் அக்கா. இனி வேறு கேள்வி வேண்டும். உங்கள் கறுவல் மாட்டின் கன்றுக்கு நீ வைத்த பெயர் என்ன? எழுதாதே, போன் எடுத்துச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்
புதுக்குடியிருப்பு