நன்றியுரைப் பக்கத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

எங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நன்றியுரை என்று ஒரு பக்கம் உண்டு. ரோமன் எண்ணில் மூன்றாம் பக்கம். அதை நாங்கள் எழுதவில்லை. எங்கள் சீனியர்களும் எழுதவில்லை. எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் ஆங்கிலத்தில் அடித்து வைத்தது, பென்டிரைவ் பென்டிரைவாகக் கைமாறி எங்கள் வரைக்கும் வந்திருக்கிறது. முதலில் கடவுள், அப்புறம் சேர்மன், முதல்வர், துறைத்தலைவர், கைடு என்று பதவி வரிசைப்படி இறங்கி வரும். கடைசி வரியில் ‘ஆசிரியரல்லாத பணியாளர்கள், பெற்றோர், நண்பர்கள் அனைவருக்கும்’ என்று மீதி ஊரை ஒரே மூச்சில் அள்ளிப் போட்டு முடித்துவிடும். போன வருஷம் ஒரு டீம், வேறு கல்லூரிக்குப் போய்விட்ட பழைய துறைத்தலைவருக்கு நன்றி சொல்லி, பைண்டிங்கும் போட்டு, மார்க்கும் வாங்கிவிட்டது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

யாரும் படிக்காத பக்கம்தானே என்று அந்தக் கடைசி வரியை நான் கொஞ்சம் நீட்டினேன். உங்களையெல்லாம் அதில் சேர்த்தேன். கைடு படித்துவிட்டார். சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, “பார்மட் மாறக் கூடாதும்மா” என்றார். அவர் மேல் கோபமில்லை, அவருக்கு மேலேயும் யாராவது சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ரிப்போர்ட்டிலிருந்து உங்களை அடித்தால் என் கணக்கிலிருந்தும் அடித்ததாகாதே. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அப்பா.

நான் அருப்புக்கோட்டை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2022ல் இன்ஜினியரிங்கில் இ.இ.இ., அதாவது எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ், சேர்ந்தேன். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவளுக்கு முதல் செமஸ்டர் என்பது, சப்டைட்டில் இல்லாத படத்துக்கு ஆறு மாதம் டிக்கெட் வாங்கியது மாதிரி. அந்த வருஷம்தான் ‘தமிழர் மரபு’ என்று ஒரு பாடத்தை வைத்தார்கள். ஒரே ஒரு கிரெடிட். பையன்கள் அதைத் தூங்கும் பீரியடாக வைத்துக்கொண்டார்கள், நான் மட்டும் முழித்திருந்தேன். இரண்டாம் செமஸ்டரில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’. அதில் முதல் அலகே நெசவு. சங்க காலத்து நெசவைப் பற்றி மேடம் நடத்திக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கே ‘டக்கு டக்கு’ என்று கிளம்பும் சத்தம்தான் எனக்குக் காதில் கேட்டது. அப்பாவின் வேலை பாடப்புத்தகத்தில் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ப்ராஜெக்டுக்கு விதை அங்கேதான் விழுந்தது. முளைக்கத்தான் மூன்று வருஷம் ஆனது.

ப்ராஜெக்ட் இதுதான்: பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், ஒன்று அறுந்தால் தறி தானாக நிற்க வேண்டும். ஒவ்வொரு நூலிலும் மெல்லிய தகடு ஒன்று தொங்கும். நூல் அறுந்தால் தகடு கீழே விழுந்து ஒரு பட்டையைத் தொடும். சர்க்யூட் மூடும். ரிலே என்கிற மின்சார சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும், போனுக்கும் தகவல் போகும். மில்களில் இருக்கும் நவீனத் தறிகளில் இந்த ஏற்பாடு எப்போதோ வந்துவிட்டது. எங்கள் தெருத் தறிகளில் இல்லை. அங்கே அந்தத் தகடும் பட்டையும் ரிலேயும் எல்லாமே அப்பாவின் கண்தான்.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். “நூல் அறுந்தா எனக்குச் சத்தத்துலயே தெரியும். இதுக்கு எதுக்கு மிஷினு?” ஆனாலும் தறிசெட் முதலாளியிடம் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தறியை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தார். மாட்டினோம். ஓட்டினோம். ஒரு மணி நேரத்தில் பதினான்கு தடவை நின்றது. ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. தறி போடும் ஆட்டத்தில் தகடுகள் துள்ளித் துள்ளிப் பட்டையைத் தொட்டிருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் அப்பா எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஓட்டினார். தொட்டவுடனே நிறுத்தாதே, தொட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் நிறுத்து என்று ப்ரோக்ராமில் இரண்டு வரி சேர்த்த பிறகுதான் அடங்கியது. அப்பாவுக்கு மீட்டர் கணக்கில் கூலி. அன்றைக்குக் குறைந்த மீட்டர் எவ்வளவு என்று கேட்டேன். “அது கெடக்கு” என்றார். அந்த ‘அது கெடக்கு’ எவ்வளவு ரூபாய் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்லூரிக்குக் கொண்டுவர இரண்டடி உயரத்தில் ஒரு மாதிரித் தறி வேண்டியிருந்தது. எங்கள் தெருத் தச்சு மாமா செய்து கொடுத்தார், மரத்துக்கு மட்டும் காசு வாங்கினார். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது டவுன் பஸ். கண்டக்டர் அண்ணன் என்னையும் பார்த்தார், தறியையும் பார்த்தார். “பாப்பா, ஓசி டிக்கெட் உனக்குத்தான். இதுக்கு இல்ல. லக்கேஜ் போடணும்” என்றார். நியாயம்தான். என்ன இது என்று அடுத்து கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எங்க தாத்தாவும் தறிதான்” என்றார். பின்சீட்டு ஓரத்தில் அதைச் சாய்த்து வைத்து, நான் இறங்கும்வரை யார் காலும் படாமல் பார்த்துக்கொண்டார். லக்கேஜ் டிக்கெட் போட்டாரா இல்லையா என்பதை இங்கே எழுதுவதாக இல்லை.

நடுவில் கேம்பஸ் இன்டர்வியூ என்று ஒன்று நடந்தது. இரண்டு மணி நேரம் பேசினார்கள், பப்ஸ் கொடுத்தார்கள். வேலைக்கான கடிதம் வந்துவிட்டது, சேரும் தேதி வரவில்லை. பப்ஸுக்கு நன்றி.

சரி, டீமுக்கு வருகிறேன். நாங்கள் நான்கு பேர். இரண்டு பேர் வேலை செய்தோம். மூன்றாமவள் வேலை செய்தவர்களுக்கு ஆறுதல் சொன்னாள், அதற்கும் ஆள் வேண்டியிருந்தது. நான்காமவன் ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் இஸ்திரி போட்ட சட்டையோடு சரியாக வந்து நின்றான். பிபிடிக்குப் பின்னணி நிறம் தேர்ந்தெடுத்தது அவன்தான். நல்ல நிறம்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் மாலை போர்டு செத்துப்போனது. இ.எஸ்.பி. 32 என்கிற சின்ன போர்டு, எங்கள் ப்ராஜெக்டின் மூளை. தொட்டால் சுட்டது. அதற்கப்புறம் ஒரு விளக்கும் எரியவில்லை. லேப் பூட்டும் நேரம். லேப் அசிஸ்டென்ட் சார் சாவிக்கொத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான்கு வருஷத்தில் அவரிடம் நாங்கள் பேசியதெல்லாம் “சார், மல்டிமீட்டர்”, “சார், ரெக்கார்டுல சைன்” அவ்வளவுதான். அவர் கிட்டே வந்து வயரை விரலால் தொட்டுக்கொண்டே போய், “இது எத்தனை வோல்ட்?” என்றார்.

“அஞ்சு சார்.”

“இந்தப் பின் எத்தனை தாங்கும்?”

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று புள்ளி மூன்று. இத்தனை நாள் அது உயிரோடு இருந்ததே அதன் பெருந்தன்மை. அவர் டிராயரைத் திறந்து இரண்டு ரெசிஸ்டர் எடுத்தார். ஒன்று ஒரு கிலோ ஓம், இன்னொன்று இரண்டு கிலோ ஓம். “அஞ்சை மூணாப் பிரிச்சு ரெண்டு பங்கை எடுத்துக்க” என்றார். வோல்டேஜ் டிவைடர்! இரண்டு ரெசிஸ்டரை வைத்து வோல்ட்டைப் பங்கு போடுவது, முதல் வருஷத்து டூ மார்க் கேள்வி. அதை எழுதி நான் முழு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். விடைத்தாளில் எழுதியது வயரிலும் நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் சங்கடம். சார், அன்று லேப் ஏழரை மணிக்குப் பூட்டப்பட்டது. ஆனால் பதிவேட்டில் ஐந்து மணி என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாலிடரிங் சரி. புதுப் போர்டுக்கு எங்கே போவது? மதுரைக்குப் போய் வாங்க நேரமில்லை. பாய்ஸ் ஹாஸ்டலில் செகண்ட் இயர் தம்பிகள் ஒரு ரோபோ செய்து வைத்திருந்தார்கள், தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடும் வகை. அதற்குள் அதே போர்டு. போனில் கேட்டேன். அந்தப் பக்கம் ஐந்து விநாடி மௌனம். அப்புறம் “எடுத்துக்கோங்கக்கா” என்று ஒரு குரல். அந்த மௌனத்துக்கு அர்த்தம் மறுநாள்தான் தெரிந்தது. அவர்களுக்கு அன்றைக்கு ஒரு போட்டி இருந்திருக்கிறது.

போர்டு கிடைத்துவிட்டது, ஆனால் எங்கள் கேட் ஆறரைக்கே பூட்டிவிடும். அவர்கள் கேட் ஒன்பது மணி. மின்சாரம் இரு பாலருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது, விடுதிக் கேட் மட்டும் ஆள் பார்த்துப் பூட்டுகிறது. வார்டன் மேடத்திடம் திட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். தம்பிகள் அதை வாட்ச்மேன் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வயர் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த டிபன் பாக்ஸைத் தாத்தா ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொண்டு வந்து, “ஏம்மா, இது வெடிக்குமா?” என்றார். “வெடிக்காது தாத்தா.” “அப்ப சரி. நான் பார்க்கல” என்று கேட் கம்பி வழியாக நீட்டினார். விதிப்படி, பையன்களிடமிருந்து எந்தப் பொருளும் வாங்கித் தரக் கூடாது. அந்த விதியை எழுதியவர்கள் மைக்ரோகன்ட்ரோலரை மனத்தில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. கீழே மெஸ்ஸில் என் பெயர் எழுதிய டப்பாவில் தயிர்சாதமும் ஒரு மாங்காய்த் துண்டும் இருந்தன. மெஸ் அக்கா மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா, உங்கள் சாம்பாரை நான்கு வருஷமாக நாங்கள் கிண்டல் செய்திருக்கிறோம், ‘பருப்பைத் தேடும் படலம்’ என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம். சாம்பாரைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கப் போவதில்லை. தயிர்சாதம் வேறு விஷயம்.

ஜெராக்ஸ் கடை அண்ணனை நடுவில் விட்டுவிட்டேன், அவர் நான்கு வருஷமும் இருந்தார். எந்தப் பதிமூன்று மார்க் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும் என்றொரு நம்பிக்கை கல்லூரி முழுக்க உண்டு. எலக்ட்ரோமேக்னடிக் பீல்ட்ஸில் அந்த நம்பிக்கையோடு போய் நூற்றுக்கு 38 வாங்கினேன். இன்டர்னல் நாற்பதுக்கு 31 இருந்தும் பயனில்லை, பரீட்சையில் தனியாக 45 சதவீதம் தாண்ட வேண்டும். அடுத்த தடவை ஒரு சீனியர் அக்கா ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து பதினோரு நாள் சொல்லிக்கொடுத்துத்தான் அந்த அரியர் போனது. அண்ணனுக்கு இதில் வருத்தம் இருந்திருக்க வேண்டும். ரிப்போர்ட் சமயத்தில் ஞாயிறன்றும் கடையைத் திறந்து, மார்ஜின், வரி இடைவெளி, பக்க எண் எல்லாவற்றையும் சரி செய்துகொடுத்தார். பார்மட் விஷயத்தில் கைடுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் நான் அண்ணன் பக்கம். உங்கள் கையால்தான், அண்ணா, உங்கள் பெயரையும் நீக்க வேண்டியிருந்தது. “டெலீட் பண்ணிடவா?” என்று கேட்டுவிட்டுப் பண்ணினீர்களே, அந்த முகம் மறக்கவில்லை.

வைவா நடந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஐயா, இதெல்லாம் பழைய விஷயம்தானே, இதில் என்ன புதுமை என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்திலேயே நின்றேன். எங்கள் இஸ்திரிச் சட்டைக்காரன் முதல் தடவையாக வாயைத் திறந்து, “விலை சார்” என்றான். உண்மையில் அதுதான் சரியான பதில். அவனைப் பற்றி மேலே எழுதியதில் பாதியை எடுத்துவிடலாம். எக்ஸாமினர் சிரித்துவிட்டு என்னிடம் திரும்பி, “தமிழ்லயே சொல்லும்மா. பாவுன்னா என்ன?” என்றார். பாவு, ஊடை, நாடா, விழுது, அச்சு. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. கைடு கைக்கடிகாரத்தைப் பார்த்தது மட்டும் தெரிந்தது. நடுவில் ஒரு நூலை அறுத்துக் காட்டினேன். தகடு விழுந்தது, மோட்டார் நின்றது. ஐயா, உங்கள் பெயர் ரிப்போர்ட்டில் கையெழுத்தாக இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. நன்றி.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து, நின்றது என்றேன். “நூல் அறுந்துச்சா, சும்மா நின்னுச்சா?” என்று கேட்டார்.

செகண்ட் இயர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ரோபோ அன்று போட்டிக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கு நன்றி என்று சொன்னால் போதாது, மன்னிப்பு என்று சொன்னாலும் சரியாக வராது. போர்டு நன்றாக இருக்கிறது. அந்த இரண்டு ரெசிஸ்டரையும் கூடவே வைத்திருக்கிறேன். உங்களுக்கும் ஐந்து வோல்ட் சென்சார் இருந்தால் உதவும். இன்று ஆறரைக்குள் கேட்டில் தாத்தாவிடம் கொடுத்துவிடுகிறேன், அதே டிபன் பாக்ஸில். வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வெடிக்குமா என்று கேட்பார், வெடிக்காது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இ.இ.இ. நான்காம் ஆண்டு மாணவி,
லேடீஸ் ஹாஸ்டல்