ஆறு மணி ரோல் கால்

அல்சூர், பெங்களூரு
16 ஜனவரி 2022

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் பொங்கலன்று வந்தது. அப்பாவால் படியிறங்க முடியவில்லை, கொரோனா மூன்றாவது அலையும் வந்துவிட்டது, தனியாளாக எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறாய். இங்கே வார இறுதி ஊரடங்கு, தெருவே அமைதியாக இருக்கிறது. நிதானமாக எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு 2019-இல் இடுப்பெலும்பு முறிந்தது உனக்குத் தெரியும். அதிலிருந்து வாக்கரோடு ஹால் வரைக்கும்தான் நடமாட்டம். 1971 பாகிஸ்தான் போரில் பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடிகளுக்கு நடுவே டாங்கிகளுக்குப் பாதை போட்டவர். பாதையும் பாலமும் போடும் ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். வெடிச்சத்தத்திலேயே காது போய்விட்டது. இத்தனை வருடமாக நம் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டிருக்கிறார். ஊரே மாஸ்க் போட்ட பிறகுதான் எனக்கு அது உறைத்தது. ரத்தம் எடுக்க வந்த பையன் மூன்று தடவை ஏதோ கேட்டான். அப்பா அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் போனதும், "யாரும் என்கிட்ட பேசறதே இல்லடா" என்றார். மறுநாளே ஒரு சிலேட்டு வாங்கினேன். யார் வந்தாலும் அதில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்ட வேண்டும். உன் அப்பாவுக்கும் காது மந்தம் என்றால் முதலில் இதைச் செய்.

அடுத்தது இன்னும் முக்கியம். உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தப் பழைய பட்டாளத்துக்காரர்களிடம் கேட்காதே. கேட்டால் "நல்லாயிருக்கேன்" என்பார்கள். வலியைச் சொல்லாமல் இருப்பது அவர்களுக்கு இருபது, முப்பது வருடப் பழக்கம். கொரோனாவிலோ மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்ஸிஜன் இறங்கிவிடும். பழக்கமும் நோயும் சேர்ந்துகொண்டால் நமக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் ஆக்ஸிஜன் அளவு எத்தனை என்று கேள்.

அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு மூலையில் வீட்டோடு முடங்கிக் கிடந்தார்கள். 2020 ஜூலையில் அப்பாவே ஆரம்பித்ததுதான் ரோல் கால், பட்டாளத்தில் ஆட்களைப் பேர் சொல்லி எண்ணுவது மாதிரி. காலை ஆறு மணிக்கு வீடியோ கால். வீட்டுக்குள் மாஸ்க் இல்லை, உதடு தெரியும். ஒவ்வொருவரும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி கேமராவுக்கு நேரே காட்ட வேண்டும். அப்பா நீளநோட்டில் கட்டம் போட்டுக் குறித்துக்கொள்வார். விரல் சில்லிட்டிருந்தால் அளவு சரியாக வராது. அதனால் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் காட்ட வேண்டும் என்பது அவர் உத்தரவு.

2021 ஏப்ரல் கடைசியில் மர்ஃபி டவுனில் இருக்கும் ஹவில்தார் ஒருவர், சிரித்த முகமாக "எல்லாம் ஓகே சார்" என்றார். திரையில் 86. அப்பா திரும்ப வைக்கச் சொன்னார். அதே 86. 94-க்குக் கீழே போனாலே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவர் மருமகளிடம் பேசி, குப்புறப் படுக்கவைக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்கப் பதினோரு மணிநேரம் ஆனது. பத்தொன்பது நாள் கழித்து வீடு திரும்பினார். மே மாதம் இன்னொருவர் போய்விட்டார். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

டாக்டரைப் பார்க்க அலைய வேண்டாம். பாதுகாப்பு அமைச்சகம் 2021 மே 27 அன்று தொடங்கிவைத்த 'செஹத்' இருக்கிறது. முன்னாள் படைவீரர்கள் ராணுவ டாக்டர்களிடம் வீடியோவிலேயே பேசலாம். முதல் தடவை திரையில் டாக்டர் வந்ததும் அப்பா படுக்கையிலேயே நிமிர்ந்து சல்யூட் வைத்தார். இன்ன இடத்தில் வலி என்று வாய்விட்டுச் சொன்னது அவரிடம்தான். என்னிடம் சொல்லாததை, ராணுவத்து டாக்டர் கேட்டதும் சொல்லிவிட்டார். எனக்கு வருத்தமில்லை, சொன்னாரே என்று நிம்மதியாக இருந்தது.

பென்ஷனுக்காக வருடாவருடம் கொடுக்கும் லைஃப் சர்டிஃபிகேட் பற்றியும் கேட்டிருந்தாய். 2020-இல் தபால்காரரே வீட்டுக்கு மெஷின் கொண்டுவந்தார். கைரேகை விழவில்லை. பாலத்து இரும்பைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த விரல்கள். ஈரத்துணியால் துடைத்து, எட்டாவது விரலில்தான் ஏற்றுக்கொண்டது. அந்தப் பத்து நிமிடமும் அப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நல்லவேளை, போன நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே போனில் எடுக்கலாம் என்று வந்திருக்கிறது. உன் அப்பாவுக்கு அதையே பார்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு பூஸ்டருக்குக் காத்திருக்க வேண்டிய 39 வாரம் அப்பாவுக்கு இந்த மாதக் கடைசியில்தான் முடிகிறது. உன் அப்பா இரண்டாவது ஊசி என்றைக்குப் போட்டார் என்று தேதியைப் பார்த்துவை. படுத்தே இருப்பவர் என்றால் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவை, முதுகில் புண் வந்தால் ஆறுவது ரொம்பக் கஷ்டம். இதில் சோம்பல் கூடாது மாப்ளே, ராத்திரியிலும்.

உன் கடிதத்தை அப்பாவிடம் சிலேட்டில் சுருக்கி எழுதிக் காட்டினேன். நோட்டைப் புரட்டி, மே மாதத்திலிருந்து வெறுமையாகக் கிடக்கும் ஐந்தாவது கட்டத்தில் விரலை வைத்தார். உன் அப்பாவின் போன் நம்பரை அனுப்பு. ஆக்ஸிமீட்டர் இல்லையென்றால் சொல், நாளைக்கே கூரியரில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே