ஓடைக்கு அடியில் 20 அடி: புறம்போக்கைக் காக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், அப்புறம் எங்கள் ஓடை யாருடையது என்று இன்னும் முடிவாகாததால் அதற்குப் பொறுப்பாக இருக்கக்கூடிய மற்ற எல்லாத் துறை அதிகாரிகளுக்கும், வணக்கம்.

எனக்கு இரண்டு காடு, எங்கள் பக்கத்தில் விவசாய நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். கிணறு ஒன்றில் இருக்கிறது, தென்னம்பிள்ளை வைத்தது இன்னொன்றில். நடுவே ஓர் ஓடை, ஓடையை ஒட்டி இட்டேரி, அதாவது காடுகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை. பழைய புலப்படத்தில் நான் கடக்க வேண்டிய இடத்தில் ஓடை, இட்டேரி இரண்டும் சேர்ந்து 30 லிங்க்ஸ், அதாவது 20 அடிக்கு நூலளவு கம்மி. அதற்கு அடியில் மூன்றடி ஆழத்தில் இரண்டரை இஞ்ச் பிவிசி பைப் ஒன்றைப் புதைத்து, மேலே முன்பு இருந்தது போலவே மண்ணை மூடிவிட அனுமதி கேட்டேன். கேட்டது போன வருஷம் ஆடியில். இந்த வருஷ ஆடியும் போய்விட்டது. 20 அடிக்கு ஒரு வருஷம் என்றால் அடிக்குப் பதினெட்டு நாள் ஆகுதப்பா என்று என் மகள் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரான விஏஓவைத்தான் பார்த்தேன். நல்ல மனுஷர், வண்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுக்கெல்லாமா மனுக் கொடுக்கறீங்க? போட்டு மூடிக்கங்க, நாங்க ஒன்னும் கேக்க மாட்டோம்" என்றார். அதை எழுத்தில் கொடுங்கள் என்று நான் கேட்டதுதான் தப்பாகிவிட்டது. அங்கிருந்து ஆரம்பித்த பயணம் இது.

சர்வேயர் வந்தார். கல்லைத் தேடினோம். ஒரு கல் கிளுவை வேலிக்கு அடியில் மண் மூடிக் கிடந்தது, கொடுவாளால் வெட்டி விலக்கிச் சுரண்டிப் பார்த்தால் தலையில் பழைய குறி அப்படியே இருந்தது, அவருக்கும் எனக்கும் புதையல் கிடைத்த சந்தோஷம். ஓடையோரக் கல் மட்டும் ஏதோ ஒரு வெள்ளத்தில் போயிருக்கிறது. அளந்து எழுதிக் கொடுத்தார். கோப்பு தாலுகா ஆபீஸ் போனது. அங்கே, கிராமத்து நிலக் கணக்கான அ பதிவேட்டில் ஓடை என்று இருக்கிறது, ஓடை என்றால் நீர்நிலை, நீர்வளத் துறையில் தடையின்மைச் சான்று வாங்கி வாருங்கள் என்றார்கள். நீர்வளத் துறைப் பொறியாளர் பொறுமையாக விளக்கினார்: இந்த ஓடை போய்ச் சேரும் குளத்துக்கு ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 எக்டேருக்குக் கீழே, அந்த மாதிரிக் குளமெல்லாம் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சேர்ந்தது, எங்கள் கணக்கில் வராது. ஒன்றியத்தில், குளம் எங்களுடையதுதான், ஆனால் ஓடை நிலம் வருவாய்த் துறையுடையது என்றார்கள். சரி என்று மறுபடியும் தாலுகா ஆபீஸ். மூன்று பேர் சொன்னதும் அவரவர் அளவில் உண்மைதான் என்பதுதான் இதில் வேடிக்கை. யாரும் காசு கேட்கவில்லை, யாரும் விரட்டவும் இல்லை, எல்லோரும் உட்காரச் சொல்லித்தான் அனுப்பி வைத்தார்கள்.

இணையத்தில் மனுப் போட்டுப் பார்த்தேன். பொருள் என்ற இடத்தில் பட்டா மாறுதல் இருந்தது, சான்றிதழ் இருந்தது, ஆக்கிரமிப்பு அகற்றுதல் இருந்தது. ஆக்கிரமிக்காமல் இருப்பதற்கு வழி கேட்கிறவனுக்கு எதுவும் இல்லை. 'இதர' என்பதைத் தேர்வு செய்தேன். சில வாரம் கழித்து, உரிய துறையை அணுகுமாறு தெரிவித்து மனு முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது. உரிய துறை எது என்று கேட்டுத்தானே மனுவே போட்டேன்! தகவல் உரிமைச் சட்டத்தில் ஆள் மாறி மனுக் கொடுத்துவிட்டால், வாங்கியவரே 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2005லேயே எழுதிவைத்துவிட்டார்கள். அதே மனுவைத் தகவலாகக் கேட்காமல் அனுமதியாகக் கேட்டால் அந்தக் கடமை மறைந்துபோகிறது.

எனக்கு வழிப்பாத்தியம், அதாவது அந்த வழியில் போகிற உரிமை, ஏற்கெனவே உண்டு. தாத்தா வாங்கிய கிரையப் பத்திரத்தில், மாமூல் தடத்தில் (வழக்கமாகப் போய்வரும் வழியில்) ஆள் நடக்கவும், ஆடு மாடு ஓட்டவும், கட்டை வண்டி, ஏர், கலப்பை கொண்டு போகவும் உள்ள பாத்தியம் சகிதம் என்று அழகாக எழுதியிருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு, இதில் பைப் என்று இல்லையே என்றார் ஒருவர். ஏற்றம் இறைத்த காலத்துப் பத்திரத்தில் பைப்புக்கு எங்கே போவது? ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை. நடக்கிற பாத்தியம் வேறு, தண்ணீர் கொண்டு போகிற பாத்தியம் வேறு. போதாததற்கு, அந்தப் பத்திரத்தை எழுதியது நிலத்தை விற்றவர், அரசு எழுதித் தரவில்லை. அதனால்தான் உரிமை என்று வாதாடாமல் அனுமதி என்று கேட்டேன்.

இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்தில் அனுமதி கொடுத்தால் நாளைக்கு இவன் அந்த இடத்தையே தனது என்று சொல்லிவிடுவான் என்ற பயம் உங்கள் எல்லா மேஜையிலும் இருக்கிறது. சட்டம் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. அடுத்தவர் நிலத்தில் வழி, தண்ணீர் போன்ற பாத்தியங்களைப் பற்றிய 1882ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தின் 15ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒருவன் யாரிடமும் கேட்காமல், தன் உரிமை என்ற நினைப்பில், தடையில்லாமல், ஊரறிய 20 வருஷம் அனுபவித்தால் அது பாத்தியமாகிறது. அரசு நிலமானால் 30 வருஷம் (முன்பு 60 ஆக இருந்ததை 1963ல் 30 ஆக்கினார்கள்). அனுமதி வாங்கி அனுபவிக்கிறவனுக்கு இந்தக் கணக்கே ஓடாது, நூறு வருஷம் ஆனாலும் அவன் அனுமதிக்காரன்தான். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவில், அனுமதி என்பது நிலத்தில் எந்தப் பாத்தியதையும் தராது என்றே இருக்கிறது. ஆக, போட்டு மூடிக்கங்க என்று வாயால் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளும்போதுதான் அரசு நிலத்தின் மேல் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அது நின்றுவிடும். புறம்போக்கைக் காப்பாற்றுவதற்குத்தான் நான் ஒரு வருஷமாக உங்களைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நடக்கிறது.

60ஆம் பிரிவு என்ன ஆகும் என்று உங்கள் சட்ட அலுவலர் கேட்கலாம். அனுமதியை நம்பிச் செலவு செய்து நிரந்தரமாக ஏதாவது கட்டிவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது என்கிற பிரிவு. நியாயமான கேள்வி. அதற்குத்தான் உத்தரவில் நிபந்தனை என்று ஒன்று இருக்கிறது. அரசுக்குத் தேவைப்பட்டால் இத்தனை நாளுக்குள் சொந்தச் செலவில் எடுத்துவிடுகிறேன், நஷ்ட ஈடு கேட்க மாட்டேன், இது நிரந்தரக் கட்டுமானம் ஆகாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நான் எந்தப் பத்திரத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

நீதிமன்றம் பற்றிய பயமும் எனக்குப் புரிகிறது. 2011ல் பஞ்சாப் கிராமம் ஒன்றின் குளத்தைப் பற்றிய ஜக்பால் சிங் வழக்கில், பொது நிலத்தில் உள்ள ஆக்கிரமிப்புகளை எல்லா மாநிலங்களும் அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் நீர்நிலை விஷயத்தில் கறாராகத்தான் இருக்கிறது. இருக்கவும் வேண்டும், எங்கள் பக்கத்தில் வரத்து வாய்க்கால் மேல் மண்ணைக் கொட்டி மனை பிரித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஓடையை மறிப்பது வேறு, ஓடைக்கு அடியில் அதன் ஓட்டத்தைத் தொடாமல் போவது வேறு. இரண்டுக்கும் ஒரே பயம், ஒரே மௌனம் என்றால், பயப்படாதவன்தான் பிழைக்கிறான்.

பிழைக்கவும் செய்கிறான். என்னுடைய இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் ஒரு நாள் ராத்திரி ஜேசிபி கொண்டுவந்தார். ஒரு மணி நேரம். காலையில் ஓடையில் புது மண் தெரிந்தது, முதல் மழையில் அதுவும் தெரியாமல் போனது. என் மச்சான் வரும்போதெல்லாம், "மாமா, கேக்காம போட்டிருந்தா இந்நேரம் தென்னம்பிள்ளை இடுப்பளவு வந்திருக்கும்" என்கிறான். பதில் சொல்ல எனக்கு வாய் இல்லை. கேட்காமல் பைப் போடுகிறவர்களில் வாய்க்கால் தண்ணீரைத் திருடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் சொந்தக் கிணற்றிலிருந்து கொண்டுபோகிறவன் யார், களவாக எடுக்கிறவன் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு பதிவேடு இருந்தால் தெரியும். மாட்டினாலும் 1905ஆம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டப்படி பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும், அபராதத்தைக் கட்டி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு அதையே அனுபவ ஆதாரமாகக் காட்டுவதும் ஊர் அறிந்த கதைதான்.

நேரெதிராக ஒன்று சொல்கிறேன். 2016 நவம்பரில் மத்திய அரசு தொலைத்தொடர்புக் கேபிளுக்கு வழியுரிமை விதிகள் கொண்டுவந்தது. அதன்படி, கேபிள் கம்பெனி விண்ணப்பம் போட்டால் அந்த நிலத்துக்குரிய அதிகாரி 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டியிருந்தது, சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தமானது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவும், மறுப்பதற்கு முன் கூப்பிட்டுக் கேட்கவும் வேண்டியிருந்தது. பூமிக்கடியில் போகிற கேபிளுக்கு நிர்வாகக் கட்டணம் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றும் இருந்தது. 2025 ஜனவரி முதல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. எங்கள் ஊருக்குக் கேபிள் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், இந்த மடலைப் போடுவதே அந்தக் கேபிள் வழியாகத்தான். இட்டேரியை வெட்டி, கேபிளை இறக்கி, மூடிவிட்டுப் போனார்கள். அதே இட்டேரி, அதே மூன்றடி ஆழம். அந்தக் குழிக்குள் தண்ணீர் போக வேண்டும் என்றால் மட்டும் விதியும் இல்லை, கெடுவும் இல்லை.

எதிர்த்திசையில் இன்னும் வேகம். எங்கள் நிலத்துக்குள் குழாய் போட அரசு வர வேண்டும் என்றால் பெட்ரோலியக் குழாய்களுக்கான 1962ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று போதும். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயுக் குழாய் போட, கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாய நிலத்தை அப்படித்தான் கேட்டார்கள். அறிவிக்கை வந்தால் ஆட்சேபணை சொல்ல எங்களுக்கு 21 நாள், அப்புறம் நிலம் எங்கள் பெயரிலேயே இருக்கும், பயன்படுத்தும் உரிமை மட்டும் போய்விடும், சட்டத்தில் சொன்ன ஈடு சந்தை மதிப்பில் 10 சதவீதம். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தக் குழாய்க்கு வழிவிட்டது. அதன் நியாய அநியாயம் பெரிய பேச்சு, இங்கே வேண்டாம். என் சந்தேகம் ஒன்றுதான்: எங்கள் காட்டுக்கு அடியில் குழாய் போக 21 நாளில் யோசித்து முடிக்க முடியுமென்றால், உங்கள் ஓடைக்கு அடியில் போக எத்தனை நாள் வேண்டும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கேபிளுக்கு இருக்கிற விதியைக் கிணற்றுத் தண்ணீருக்கும் கொடுங்கள். கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு படிவம், ஒரு மேஜை. எந்தத் துறையின் கருத்து வேண்டுமோ அதை அந்த மேஜையே எழுதிக் கேட்டு வாங்கட்டும், மனுதாரன் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. கேட்ட துறை 60 நாளில் பதில் சொல்லாவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் எவ்வளவு என்று பலகையில் எழுதிவையுங்கள். மூடியபின் வந்து பார்த்துப் படம் எடுங்கள், சரியாக மூடவில்லையென்றால் வைப்புத் தொகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொடுத்த அனுமதியை அ பதிவேட்டில் அந்த ஓடைக்கு நேரே ஒரு வரி ஏற்றிவிடுங்கள், பின்னால் வருகிற விஏஓவுக்கும் தெரியும், என் பிள்ளைக்கும் தெரியும். முடியாது என்றால் அதையும் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள், மேல்முறையீட்டுக்காவது ஒரு தாள் கையில் இருக்கும்.

பைப் வாங்கிக் களத்து ஓரத்தில் அடுக்கி வைத்தது அப்படியே இருக்கிறது. பிவிசி வெயிலில் கிடந்தால் நிறம் வெளுத்து மொறுமொறுவென்று ஆகிவிடும், மேலே பழைய தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். தென்னம்பிள்ளைக்கு டிராக்டர் டேங்கரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம், அந்த டேங்கரும் இதே இட்டேரி வழியாகத்தான், இதே ஓடையைத் தாண்டித்தான் போகிறது. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, மாமூல் தடம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருவேன். இந்த மடலின் நகல், சர்வேயர் அளந்த படம், தாத்தா பத்திரத்தின் ஜெராக்ஸ் மூன்றும் கையில் இருக்கும். பொருள் என்ற இடத்தில் இந்தத் தடவையும் 'இதர' என்றுதான் எழுத வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓடைக்கு இரண்டு பக்கமும் காடு உள்ள ஒரு விவசாயி