பேஸ்பால் அட்டைகள்: ஏலத் தொகைகள் சொல்லாத ஓர் அணியின் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீரர்களின் படமும் விவரமும் அச்சிட்ட பேஸ்பால் அட்டைகளைப் பற்றி வெளியான கட்டுரையை, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வசிக்கும் வாசகன் என்ற முறையில் மிகுந்த ஆர்வத்தோடு படித்தேன். தமிழ் வாசகர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு பொழுதுபோக்குக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தை ஏலத் தொகைகளே நிறைத்திருந்தன. 1952-ஆம் ஆண்டின் மிக்கி மேன்டில் அட்டை 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது உண்மைதான். அதே ஆண்டில் ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியதும் உண்மைதான். எனினும் இவற்றை மட்டும் படிக்கும் ஒருவர், அட்டை சேர்ப்பதும் தங்கம், நிலம், பங்கு என்ற வரிசையில் வைக்கத்தக்க இன்னொரு முதலீடு என்றே நினைத்துக்கொள்வார். எனக்கு இங்கே பழக்கமான சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் அப்படிச் சேர்ப்பவர்கள் அல்லர். தங்களுக்கு விருப்பமான ஓர் அணியை எடுத்துக்கொண்டு, அதன் அட்டைகளை மட்டும், நட்சத்திர வீரர், ஒரே பருவத்தோடு காணாமல் போனவர் என்ற பேதம் பார்க்காமல், ஆண்டு வாரியாக அடுக்கி வருகிறார்கள். நானும் பல ஆண்டுகளாகப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் அட்டைகளை அவ்வாறே சேர்த்து வருகிறேன். அந்த முறையைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை என்பதால்தான் இக்கடிதம்.

கட்டுரை முதன்மையாகக் காட்டிய வாக்னரையே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அவர் எங்கள் ஊர்க்காரர். பிட்ஸ்பர்க்கை ஒட்டிய சுரங்கப் பகுதியில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். 1900 முதல் 1917 வரை பைரேட்ஸ் அணிக்கு ஆடியவர். 1909-இல் அந்த அணி, ஆண்டு இறுதி வாகையர் போட்டியான உலகத் தொடரை முதன்முறையாக வென்றபோது அதன் முதுகெலும்பாக இருந்தவர். 1909-க்கும் 1911-க்கும் இடையில் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சிகரெட் உறைகளுக்குள் வைத்து வெளியிட்ட அட்டைகளில் இவருடைய அட்டையின் அச்சு மட்டும் விரைவிலேயே நின்றுபோனது. தம் படத்துக்காகச் சிறுவர்கள் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தமக்கு உரிய பணம் தரப்படாததால் அனுமதி மறுத்தார் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். எது காரணமாயினும், இன்று அறுபது அளவிலான பிரதிகளே உலகில் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. அந்த அருமைப்பாடு மனிதர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கும் அதே அட்டையே சாட்சி. 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கிய வாக்னர் அட்டை, தரச்சான்று நிறுவனமான பி.எஸ்.ஏ. மதிப்பெண் இட்ட முதல் அட்டை என்ற பெருமையோடு வலம் வந்து, 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். அட்டையை முதலீடாகப் பரிந்துரைக்கும் எந்தக் கட்டுரையிலும் இச்செய்தி கட்டாயம் இடம்பெற்றிருக்க வேண்டும்.

அணி சேர்ப்பவரின் பைண்டரில், அதாவது அட்டைகளைச் செருகி வைக்கும் கோப்பில், வாக்னர் அட்டை இருக்கப்போவதில்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின் அச்சிட்ட மலிவான மறுபதிப்பு ஒன்று அந்த இடத்தில் இருக்கும், அது மறுபதிப்பு என்று பக்கத்திலேயே எழுதியும் இருக்கும். அதனால் அந்தப் பைண்டரின் மதிப்பு எங்களுக்குக் குறைந்துவிடுவதில்லை. ஏனெனில் அதன் பயன் அடுத்தடுத்த பக்கங்களில்தான் தெரியவரும்.

ராபர்ட்டோ கிளமென்டேயின் அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அந்த இளைஞரின் முதல் அட்டையை டாப்ஸ் என்ற அட்டை நிறுவனம் வெளியிட்டது. அது 1955-இல், 164-ஆம் எண்ணோடு, கிடைமட்ட வடிவில் வெளிவந்தது. அதில் அவர் பெயர் ராபர்ட்டோ என்றே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு அட்டையில் அதே மனிதர் ‘பாப் கிளமென்டே’ ஆகிவிடுகிறார். தம்மை ராபர்ட்டோ என்றே அழைக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தும், ஸ்பானிய மொழி பேசும் கருப்பின வீரர் ஒருவரை அமெரிக்க வாய்க்கு எளிதான பெயரால் அழைப்பதில் அன்றைய செய்தியாளர்களுக்கும் ஒலிபரப்பாளர்களுக்கும் எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. அட்டை நிறுவனமும் அதையே 1969 வரை அச்சிட்டது. 1970-இல்தான் அவருடைய பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. அதற்குள் அவர் நான்கு முறை, பைரேட்ஸ் ஆடும் தேசிய லீகின் மட்டைச் சராசரியில் முதலிடம் பிடித்திருந்தார், 1966-இல் அந்த லீகின் மிக மதிப்புமிக்க வீரராகவும் தேர்வாகியிருந்தார். ஏலத்தில் 1955 அட்டை ஒன்றை மட்டும் வாங்கிப் பெட்டகத்தில் வைப்பவருக்கு இந்தப் பதின்மூன்று ஆண்டு அவமதிப்பு கண்ணிலேயே படாது. ஓரம் மழுங்கி, மூலை தேய்ந்து, ஏலக்காரர் தொடவும் விரும்பாத நடு ஆண்டு அட்டைகளைச் சேர்ப்பவருக்கே அது புலப்படும்.

அவருடைய கடைசி அட்டை 1973-ஆம் ஆண்டு வரிசையில் இருக்கிறது. 1972 செப்டம்பர் 30 அன்று அவர் தமது 3000-ஆவது ‘ஹிட்’டை, அதாவது தளத்தை எட்டவைக்கும் வெற்றிகரமான மட்டையடியை, அடித்தார். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தால் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் சான் ஹுவான் கடற்கரைக்கு அருகே விழுந்து மறைந்தார். அந்த அட்டை கடைகளுக்கு வந்தபோது அவர் உயிரோடில்லை.

1971-ஆம் ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று பைரேட்ஸ் அணி களமிறக்கிய ஒன்பது பேரும் கருப்பின அல்லது லத்தீன் அமெரிக்க வீரர்கள். ஸ்டென்னெட், கிளைன்ஸ், கிளமென்டே, ஸ்டார்ஜல், சங்கியென், கேஷ், ஆலிவர், எர்னாண்டஸ், பந்து வீச டாக் எல்லிஸ். அமெரிக்காவின் உயர்மட்டப் பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கின் வரலாற்றில் அப்படியொரு தொடக்க வரிசை அதுவே முதன்முறை. அதே அணிதான் அந்த ஆண்டு உலகத் தொடரையும் வென்றது. இந்த ஒன்பது பேரையும் ஒரே பக்கத்தில், ஒன்பது பைகள் கொண்ட உறையில், அன்று அவர்கள் மட்டை பிடித்த ஒழுங்கிலேயே வைப்பதைப் பிட்ஸ்பர்க் சேகரிப்பாளர் பலர் தமக்கு ஒரு கடமைபோல வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1971-ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டைகளின் ஓரம் முழுக்கக் கருமை என்பதால் சிறிது உரசினாலும் வெள்ளை தெரிந்துவிடும். நல்ல நிலையில் கிடைப்பது கடினம். பருவத்தின் நடுவில் அணிக்கு வந்த ரென்னி ஸ்டென்னெட்டுக்கு 1972-இல்தான் முதல் அட்டை வந்தது என்பதால், பக்கத்தின் முதல் பையில் மட்டும் அடுத்த ஆண்டு அட்டை அமர்ந்திருக்கும். இந்த ஒன்பதில் கிளமென்டேயைத் தவிர்த்த மற்றவற்றை, மூலை தேய்ந்திருந்தால் பரவாயில்லை என்பவர், ஒரு சாதாரண உணவக இரவுணவின் செலவுக்குள் வாங்கிவிடலாம்.

அட்டையே இல்லாத வீரர்களும் எங்கள் பைண்டரில் இடம்பெறுகிறார்கள் என்றால் வியப்பாக இருக்கலாம். மேஜர் லீகில் கருப்பின வீரர்களுக்கு இடமில்லாத காலத்தில், இதே நகரிலும் அதை ஒட்டியும் ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் என்ற இரண்டு பெரிய கருப்பின அணிகள் இருந்தன. அவற்றுக்காக ஆடிய ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில், ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகில் நிறத்தடையை உடைப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 35 வயதில் காலமானார். அவர் ஆடிய காலத்தில் எந்த அமெரிக்க மிட்டாய் நிறுவனமும் பபுள்கம் நிறுவனமும் அவருக்கு ஓர் அட்டை வெளியிடவில்லை. 2024-இல் கருப்பின லீகுகளின் புள்ளிவிவரங்கள் மேஜர் லீக் பதிவேட்டில் சேர்க்கப்பட்டபோது, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பை முந்திக்கொண்டு, .372 என்ற வாழ்நாள் மட்டைச் சராசரியுடன் முதலிடத்துக்கு வந்தவர் இவரே. பிற்காலத்தில் வெளியான நினைவு அட்டைகளை நான் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனாலும் 1930-கள், 1940-களுக்கான பக்கங்களில் அவருக்கென்று காலியான ஒரு பையை விட்டுவைத்திருக்கிறேன், ஏனெனில் அந்த வெற்றிடமும் பிட்ஸ்பர்க் பேஸ்பாலின் வரலாற்றில் ஒரு பகுதி.

அணியை விரும்புகிறவர் அதன் தோல்விகளையும் சேர்த்தே விரும்ப வேண்டியிருக்கிறது. 1992 பருவத்துக்குப் பின் பேரி பாண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட, 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது பருவங்கள் பைரேட்ஸ் அணி வெற்றிகளைவிட அதிகத் தோல்விகளோடு முடித்தது. அந்த ஆண்டுகளின் அட்டைகளைச் சந்தையில் யாரும் தேடுவதில்லை. கடைகளில் ‘காமன்’ (சாதாரணமானவை) என்று எழுதிய பெட்டிகளில் கொத்துக் கொத்தாகக் கிடக்கின்றன. எனக்கு மிகவும் பிரியமான பக்கங்கள் அவைதாம். அட்டையின் பின்புறத்தைப் படித்தால், ஒரு வீரர் எந்த ஊரில் பிறந்தார், எத்தனை சிறு நகரங்களில் ஆடிவிட்டு இங்கே வந்தார் என்பதெல்லாம் சிறிய எழுத்தில் இருக்கும். 2006-இல் தோற்றுக்கொண்டே இருந்த அணியிலிருந்து ஃபிரெடி சான்செஸ் தேசிய லீகின் மட்டைச் சராசரியில் முதலிடம் பிடித்ததை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் இவ்வூர் ரசிகர்களே. 2013-இல் அணி மீண்டும் பருவத்துக்குப் பிந்தைய வாகையர் சுற்றை எட்டியபோது, ஆண்ட்ரூ மெக்கட்சன் லீகின் மிக மதிப்புமிக்க வீரராகத் தேர்வானபோது, அந்த அட்டையை வெறுமை நிறைந்த இருபது ஆண்டுகளின் பக்கங்களுக்கு அடுத்ததாக வைத்ததில் இருந்த மகிழ்ச்சியை எந்த ஏலமும் தந்திருக்க முடியாது.

பணத்துக்கு எதிரான பிடிவாதமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பைரேட்ஸ் பந்து வீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையில் இருந்த சின்னத் துணியைப் பதித்து, அவர் கையொப்பத்தோடு ஒரே ஒரு பிரதியாக வெளியான அட்டை, லாஸ் ஏஞ்சலஸ் பகுதிச் சிறுவன் ஒருவனுக்கு ஓர் உறையில் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கான பருவச் சீட்டுகளைத் தருகிறோம், அட்டையைத் தாருங்கள் என்று பைரேட்ஸ் நிர்வாகம் கேட்டும், அக்குடும்பம் ஏலத்துக்கு அனுப்பியது. 2025 மார்ச்சில் அது 11 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்தக் குடும்பத்தின் முடிவில் தவறு காண எனக்கு உரிமை இல்லை. ஆனால் இப்படியொரு செய்தி வந்தபின், ஓர் அணியின் பெயரில் பணம் கட்டி, வேறொருவர் நேரலையில் பெட்டியைப் பிரிக்க, தம் அணிக்கு வந்த அட்டையைப் பெற்றுக்கொள்ளும் ‘பிரேக்’ என்ற முறையில் பள்ளிப் பிள்ளைகளும் பணத்தை இழப்பதைப் பார்க்கிறேன். கட்டிய பணத்துக்கு ஓர் அட்டைகூட வராமல் போவதும் உண்டு. இதற்கும் பரிசுச் சீட்டுக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. தங்கள் கட்டுரை இம்முறையை ‘எளிய நுழைவாயில்’ என்று குறிப்பிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

இன்னொருவரையும் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம். அமெரிக்க அட்டைகளுக்கு முதல் முறையான அட்டவணை தயாரித்தவர் சிராக்யூஸ் நகரில் தொழிற்சாலைப் பணியாளராக இருந்த ஜெஃபர்சன் பர்டிக். வாக்னர் அட்டை அடங்கிய வரிசையை இன்று உலகமே ‘டி206’ என்று அழைப்பது அவர் இட்ட எண்ணால்தான். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிய நிலையிலும், தமது லட்சக்கணக்கான அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்து, அங்கேயே அமர்ந்து அவற்றை ஏடுகளில் ஒட்டி முடித்தார். 1963 தொடக்கத்தில் அந்தப் பணி நிறைவுற்றது. அதே ஆண்டு மார்ச்சில் அவர் காலமானார்.

இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்த விளையாட்டை விரும்பி ஆடுகிறார்கள். அட்டை வாங்கித் தரும்படி பெற்றோரைக் கேட்கவும் செய்கிறார்கள். தங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கும் அந்தப் பெற்றோருக்காகச் சில செய்திகளைப் பதிவு செய்ய விரும்புகிறேன். பிள்ளைக்குப் பிடித்த அணியின் நடப்பாண்டு அட்டைகளை, நிறுவனமே அணி வாரியாகத் தனி உறையில் வெளியிடும் சிறு தொகுப்பாக வாங்கிக்கொடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்னதாகவே தெரியும். பழைய ஆண்டுகளுக்கு, உள்ளூர்க் கடையின் ‘காமன்’ பெட்டியே போதுமானது. 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அளவுக்கு மீறி அச்சிடப்பட்ட அட்டைகள் இன்றும் சில காசுகளுக்குக் கிடைக்கின்றன. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டாம், பி.வி.சி. கலந்த பழைய பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் அட்டையைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றையும் தவிர்க்கவும். ஒரே வகை அட்டை இரண்டு வந்தால், வேறு அணியைச் சேர்க்கும் நண்பனோடு மாற்றிக்கொள்ளப் பிள்ளையை விடுங்கள், அந்த மாற்றத்தில் யாருக்கு லாபம் என்று பெரியவர்கள் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்பொருளில் தாங்கள் மீண்டும் எழுதும்போது, ஏலத் தொகைகளோடு வாக்னர் அட்டையின் வெட்டப்பட்ட ஓரங்களைப் பற்றியும், ‘பிரேக்’ முறையில் உள்ள பண இழப்பைப் பற்றியும் வாசகர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். கிளமென்டேயைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வருமானால், அவருடைய 1955, 1957, 1970, 1973 ஆண்டு அட்டைகளின் ஒளிப்படங்களை அனுப்பித்தர ஆயத்தமாக இருக்கிறேன். 1955 அட்டை மட்டும் என்னிடம் மறுபதிப்பாகவே உள்ளது. வெளியிடும்போது அதைக் குறிப்பிட்டுவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா.